ஏழு சாத்துக்குடியும் ஒரு பஸ் சாவியும்

சர்க்கரையைக் குறைப்பதற்காகப் பழச்சாறு பிழியும் மெஷின் வாங்கியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியவந்தால் எனக்கு மரியாதை இருக்காது. நானே சொன்னாலும் இருக்காதுதான். ஆனால் முந்திக்கொண்ட திருப்தியாவது மிஞ்சும்.

வாங்கியதோடு விட்டேனா? அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்ததும் அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தேன். டிரைவர் புத்தி. புது வண்டி வந்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம் இல்லையா? இந்த மெஷினுக்குச் சக்கரம் கிடையாது. ஆகவே அதன் காலடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டேன். சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் என் மனைவி.

"எலுமிச்சம்பழத்தை நசுக்கறதுதான் அந்த மெஷினோட வேலையே. அதுகிட்டயே கொண்டுபோய் அதை வெச்சுக் கும்பிடறீங்களே?"

திருஷ்டி கழிக்க வைத்த பழத்தைக் குடிக்கலாமா கூடாதா என்று சிறிது நேரம் யோசித்துவிட்டு, அதையே முதல் போணியாகப் பிழிந்து குடித்தேன். திருஷ்டி அப்போதே எனக்குள் போயிருக்க வேண்டும்.

நான் மைசூரில் ஒரு தொழிற்சாலையின் ஷிப்டு பஸ் ஓட்டுகிறவன். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. பிறந்தது தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்ப் பக்கம், வந்தது மைசூர், ஓட்டுவது ஊரெல்லாம். என் மனைவி இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தமிழில் கால்வாசி கன்னடம் இருக்கும். கோபம் வந்தால் முக்கால்வாசி. விடியற்காலையில் ஆட்களை ஏற்றி ஆலையில் இறக்கி, இரவு வேலை முடித்தவர்களை வீடு சேர்த்துவிட்டால், பத்து மணி வாக்கில் எனக்கு ஓய்வு கிடைக்கும். அந்த நேரத்தில் இன்னொரு பஸ்ஸின் டிரைவரான என் சிநேகிதனும் நானும் ரிங் ரோட்டு ஓரத்து ஜூஸ் கடைக்குப் போவோம். அவன் கன்னடக்காரன். நான் தமிழில் பேசுவேன், அவன் கன்னடத்தில் பதில் சொல்வான், சண்டை மட்டும் இரண்டு மொழியிலும் போடுவோம். அவன் என்னை 'குரு' என்று கூப்பிடுவான். மைசூரில் அது மரியாதை இல்லை. பக்கத்தில் நிற்கிற எவனும் குருதான்.

கடைக்காரர் எங்கள் ஹனூர்ப் பக்கத்து மார்டள்ளிக்காரர், தமிழர். தமிழ்க்குரல் கேட்டால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு "வாங்ணா" என்பார். நாங்கள் கேட்பது எப்போதும் ஒன்றேதான்: சாத்துக்குடி, பை டூ.

பை டூ என்றால் என்ன என்று மைசூரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காபி, ஒரு சூப், ஒரு ஜூஸ், எதுவானாலும் ஒன்று வாங்கி இரண்டு டம்ளரில் ஊற்றிக் கொடுக்கச் சொல்வது. கஞ்சத்தனம் இல்லை. விரல் நிறைய மோதிரம் போட்டவரும் பை டூ கேட்பார். ஈரோட்டிலிருந்து வந்த என் ஒன்றுவிட்ட மச்சான் இதைப் பார்த்துவிட்டு, "என்ன மாமா, உங்க ஊர்ல ஒரு மனுசன் ஒரு டம்ளர் முழுசாக் குடிச்சா போலீஸ் புடிக்குமா?" என்று கேட்டான். போலீஸ் பிடிக்காது, டாக்டர் பிடிப்பார் என்று எனக்கு அப்போது தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அந்தச் சாத்துக்குடி ஜூஸுக்கு நான் அடிமை. நாக்கில் பட்டதும் ஒரு மெல்லிய தித்திப்பு, பின்னாலேயே ஒரு சுருக். "மைசூர் முழுக்க ஓட்டிப் பார்த்துட்டேன், இந்தத் தித்திப்பு எங்கேயும் கிடையாது" என்று கடைக்காரரிடம் வாரத்துக்கு நான்கு முறையாவது சொல்வேன். அவர் தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் என்று நினைத்தேன். எங்களுடையதைப் போடும்போது மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலகைக்கு அடியிலிருந்து வேறொரு ஜாடியை எடுப்பார். விசேஷ மரியாதை என்று நினைத்தேன். மனிதன் தன்னைப் பற்றி நினைத்துக்கொள்வதற்கு ஒரு அளவே இல்லை.

எங்கள் ஆலையில் டிரைவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை உடம்புப் பரிசோதனை உண்டு. கண், ரத்தக்கொதிப்பு, சர்க்கரை. ஆறு வருடத்துக்கு முன்னால் என் சர்க்கரை எல்லைக்கோட்டை எட்டிப் பார்த்தது. அன்று முதல் அது அங்கேயே நின்றுகொண்டிருந்தது. வேலி ஓரத்தில் நிற்கிற ஆடு மாதிரி, தாண்டவும் தாண்டாது, நகரவும் நகராது. கோட்டைத் தாண்டினால் சாவியை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள் என்பது விதி. அப்புறம் ஆலை வாசல் கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, வண்டி வந்தால் தடைக்கம்பைத் தூக்கவும் இறக்கவும் சொல்வார்கள். எனக்கு ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. சமையல் தெரியாது, கணக்கு தெரியாது, கம்பு தூக்கக்கூடத் தெரியுமோ என்னவோ. அந்த ஸ்டூலை நினைத்தாலே எனக்கு வியர்க்கும்.

இந்த வருடம் பரிசோதனைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, கடையில் யாரோ ஒரு பையனுக்குக் கர்பூஜா, அதாவது முலாம்பழ ஜூஸ் போடுவதை முதல் தடவையாக உற்றுப் பார்த்தேன். கரண்டியா அது, குழம்புக் கரண்டி! ஒன்று, இரண்டு, மூன்று கரண்டி சர்க்கரைப்பாகு. இதே கரண்டிதானே ஆறு வருடமாக என் டம்ளருக்குள்ளும் இறங்கியிருக்கும்?

அங்கேயே நின்று ஒரு பிரசங்கம் செய்தேன். பஸ் ஓட்டுகிறவனுக்குக் குரல் கொஞ்சம் பெரிது. "பழத்தைக் குடுக்கறியா, பாகைக் குடுக்கறியா? உன் கடையில குடிச்சே என் சாவி போயிரும் போல இருக்கே! இனிமே எங்க வீட்லயே பிழிஞ்சு குடிச்சுக்கறேன். சுத்தமா, சர்க்கரை இல்லாம!"

பெஞ்சில் இருந்த நாலைந்து பேரும் தங்கள் டம்ளரை ஒருமாதிரியாகப் பார்த்தார்கள். கடைக்காரர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். என் சிநேகிதனைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"என்ன, பதில் இல்லையா?"

"நீங்க சொன்னாச் சரிங்ணா" என்றார்.

வெற்றி என்று எடுத்துக்கொண்டு நடந்தேன். சிநேகிதன் பின்னால் வந்தான். "குரு, அந்த மனுசன் பாவம்" என்றான். "நான்தான் பாவம்" என்றேன்.

அன்றைக்கே மெஷின். விலையைச் சொல்ல மாட்டேன்; என் மனைவியிடமே சொல்லவில்லை. மெதுவாகச் சுற்றிப் பிழியும், சத்து போகாது, சக்கை ஒரு பக்கம் சாறு ஒரு பக்கம் வரும் என்று கடையில் இருந்த பெண் சொன்னாள். வீட்டுக்குள் நான் பெட்டியோடு நுழைந்ததும் மனைவி பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது எதுக்கு? கடையிலயே குடிச்சுக்கிட்டு இருங்களேன். நல்லாத்தானே இருந்தீங்க?"

எனக்கு ஆச்சரியம். வாழ்க்கையில் முதல் தடவையாக என் மனைவி வெளியில் வாங்கிச் சாப்பிடுவதை ஆதரித்துப் பேசுகிறாள்.

"கடைக்காரனுக்கு வக்காலத்தா? அவன் எத்தனை கரண்டி பாகு ஊத்தறான் தெரியுமா?"

"எல்லாருக்குமா ஊத்தறாரு?" என்று இழுத்தாள். பிறகு, "ஆயித்து, விடுங்க. வீட்ல சக்கரை போடாமக் குடிச்சா நல்லதுதானே" என்று உள்ளே போனாள்.

அதன் பிறகு நடந்ததுதான் என் பொற்காலம். தேவராஜ மார்க்கெட்டுக்குப் போய்ப் பையில் சாத்துக்குடி, திராட்சை, சப்போட்டா, மாதுளை என்று அள்ளிக்கொண்டு வருவேன். மெஷின் ஒரு கிழட்டு எருமை அசைபோடுவது மாதிரி மெதுவாக முனகிக்கொண்டே பழத்தை உள்ளே இழுக்கும். முதல் நாள் மூடியைச் சரியாகப் பொருத்தாமல் பீட்ரூட்டைப் போட்டேன். சமையலறைச் சுவர், கூரை, என் நீலச் சட்டை, மனைவியின் வெள்ளைத் துண்டு எல்லாவற்றிலும் சிவப்பு. பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஏனாயித்து?" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தாள். என்ன ஆயிற்று என்று நானே தெரிந்துகொள்ளச் சிறிது நேரம் பிடித்தது.

ஆனால் அந்த ருசி! முதல் டம்ளர் சாத்துக்குடிச் சாறு குடித்ததும் நான் கண் கலங்கினேன். ஒரு துளி சர்க்கரை போடவில்லை; தேனாக இருந்தது. "இதுதான்டி பழத்தோட நிஜமான ருசி. இவ்வளவு நாளா அந்த ஆள் என்னை ஏமாத்தியிருக்கான்" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் பை டூ கிடையாது. மெஷினோடு வந்த ஜாடி ஒரு லிட்டர். மனைவிக்குச் சாறு பிடிக்காது. வைத்திருந்தால் சத்து போய்விடும், பிழிந்த அன்றே குடித்துவிட வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. விதியை மதிக்கிறவன் நான். காலையில் ஒரு ஜாடி, மதியம் பிளாஸ்கில் ஒரு ஜாடி, மாலையில் பசித்தால் ஒரு அரை ஜாடி. சர்க்கரைதான் போடவில்லையே, அப்புறம் என்ன பயம்? பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் சிக்னலில் நிற்கும்போது உபதேசம் செய்தேன். முன் சீட்டுக்காரர் ஒருவர் என்னிடமிருந்து தப்பிக்கப் பின் சீட்டுக்கு மாறிவிட்டார்.

சக்கை மட்டும்தான் பிரச்சினை. மெஷினின் மறுபக்கத்திலிருந்து சக்கை சக்கையாக வந்து குவியும். தூக்கிப் போட மனைவிக்கு மனசில்லை. திராட்சைச் சக்கையைத் தயிரில் போட்டுப் பச்சடி, கேரட் சக்கையில் அடை, பீட்ரூட் சக்கையில் பொரியல் என்று அவளே ஏதேதோ செய்து அவளே சாப்பிட்டாள். எனக்கு நீட்டினால், "சாறு குடிக்கிறவன் சக்கை சாப்பிட மாட்டான்" என்பேன். ராஜா மாதிரி சாறு எனக்கு. மிச்சம் மீதி அவளுக்கு. அதில் எனக்குச் சின்னக் குற்ற உணர்ச்சிகூட இருந்தது.

பரிசோதனை நாள் வந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். எல்லைக்கோட்டு ஆடு இந்த முறை ஊருக்குள்ளேயே ஓடிவந்திருக்கும் என்று நம்பிக்கை. ஆலையின் டாக்டர் ஒரு அம்மாள். கன்னடத்தில்தான் பேசுவார், சிக்கனமாகப் பேசுவார். காகிதத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"டிரைவரே, சாவியைக் கொடுங்கள்."

எனக்குப் புரியவில்லை. "பஸ் சாவியா அம்மா?"

"வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?"

வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை இருநூற்றுப் பதினான்கு. ஆடு வேலியைத் தாண்டி, பக்கத்து ஊரையும் தாண்டி, காட்டுக்குள்ளேயே போய்விட்டிருந்தது.

"ஆறு வருடமாக ஒரே இடத்தில் இருந்ததே. புதிதாக என்ன செய்தீர்கள்?"

"நல்லதுதான் அம்மா செய்தேன். கடை ஜூஸை விட்டேன். வீட்டிலேயே பிழிந்து குடிக்கிறேன். சர்க்கரை சுத்தமாக இல்லை. காபியில்கூட என் மனைவி போடுகிற ஒரே ஒரு ஸ்பூன்தான்."

"ஒரு ஜாடிக்கு எத்தனை பழம்?"

"சாத்துக்குடி என்றால் ஏழு. பெரியதாக இருந்தால்."

"ஏழு சாத்துக்குடியை உரித்து வைத்தால் உட்கார்ந்து சாப்பிடுவீர்களா?"

"ஏழா? முடியாதம்மா. மூன்றாவதிலேயே தாடை வலிக்கும்."

"குடிக்க முடிகிறது."

நான் தரையைப் பார்த்தேன். அங்கே வழுவழுப்பான ஓடு. அதில் என் முகம் தெரிந்தது, முட்டாளுக்குரிய எல்லா லட்சணங்களோடும்.

"பழத்தின் சர்க்கரையும் சர்க்கரைதான். அதைத் தடுத்து நிறுத்தி மெதுவாக உள்ளே விடுகிறது சக்கை. அதை யார் சாப்பிட்டது?"

"என் மனைவி."

"அவர்களுக்குச் சர்க்கரை எப்படி?"

"போன வாரம்தான் பார்த்தோம் அம்மா. நார்மல். உடம்பும் இளைத்திருக்கிறாள்."

டாக்டர் அம்மாள் அன்றைக்குத்தான் சிரித்து நான் பார்த்தேன். கடைசியாக அவர் சொன்னது இதுதான்: மாத்திரை, தினமும் நடை, பழத்தைக் கடித்து மட்டும் சாப்பிட வேண்டும், அதுவும் ஒன்று, ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம். கோட்டுக்குள் வந்தால் சாவி. வராவிட்டால் ஸ்டூல்தான், அது நிரந்தரம். ஓய்வு பெற எனக்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது. நான்கு வருடம் தடைக்கம்பு!

எனக்கு ஒரே ஒரு சந்தேகம் மட்டும் போகவில்லை. "அம்மா, கடையில் பாகு ஊற்றின ஜூஸை ஆறு வருடம் குடித்தேனே, அப்போது ஏன் ஏறவில்லை?"

"அதைக் கடைக்காரரிடம்தான் கேட்க வேண்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்து மெஷினைத் துடைத்து, பெட்டியில் போட்டு, பரண் மேல் ஏற்றினேன். வைத்த குங்குமம் அப்படியே இருந்தது. மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "சக்கரை போடலை, அப்புறம் என்ன ஏறும்னு நானும்தான் நெனச்சேன்" என்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

மறுநாளிலிருந்து ஒரு மாதம் கேட்டில். ஸ்டூலுக்கு நான்கு கால் இருந்தாலும் மூன்றுதான் தரையில் படும். என் பஸ்ஸை மாற்றுச் சாவி போட்டு வேறொருவர் ஓட்டிவந்தார். இரண்டாவது கியர் போடும்போது கொஞ்சம் பொறுத்து, செல்லமாகத் தள்ள வேண்டும். அந்த வண்டிக்கு அப்படி ஒரு குணம். அது அவருக்குத் தெரியாது. தூரத்தில் வளைவு திரும்பும்போதே 'கர்ர்ர்' என்று பல்சக்கரம் கதறும். யாரோ என் பல்லைப் பிடுங்குவது மாதிரி இருக்கும். நான் எழுந்து கம்பைத் தூக்குவேன். என்னிடமிருந்து பின் சீட்டுக்கு ஓடிய அந்த மனிதர் ஜன்னல் வழியாக, "என்ன சார், இன்னைக்கு ஜூஸ் இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இப்போது முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

சிநேகிதன் தன் பஸ்ஸை நிறுத்தி, தலையை வெளியே நீட்டினான்.

"குரு, ஒரு சல்யூட் அடி. கம்பு தூக்கறவங்க அடிக்கணும்."

"கீழே இறங்கி வா, கம்பாலேயே அடிக்கிறேன்."

"சரி சரி. நம்ம கடைக்காரர் தினமும் உன்னைக் கேக்கறார். என்ன சொல்லட்டும்?"

"செத்துட்டான்னு சொல்லு."

"அதுக்கும் நீயே வந்து சொன்னாத்தான் நம்புவார்" என்று வண்டியை எடுத்தான்.

அந்த மாதம் நான் நடந்த நடைக்குச் சாமுண்டி மலையே கொஞ்சம் தேய்ந்திருக்கும். காலையில் ஒரு சாத்துக்குடி. தோலை உரித்து, நரம்பை எடுக்காமல், கொட்டையைத் துப்பி, ஒவ்வொரு சுளையாக. ஒரு சாத்துக்குடியைத் தின்ன கால் மணி நேரம் ஆகும் என்று எனக்கு ஐம்பத்துநான்கு வயதில்தான் தெரிந்தது. தின்று முடித்தால் இன்னொன்று வேண்டும் என்று தோன்றவே இல்லை. பல்லும் தாடையும்தான் கடவுள் வைத்த பிரேக் போலிருக்கிறது. அதைத்தான் நான் மெஷின் வைத்துக் கழற்றியிருந்தேன்.

முப்பதாம் நாள் ரத்தம் கொடுத்துவிட்டு டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். சாவி இல்லாத கை எதைப் பிடிப்பது என்று தெரியாமல் தவிக்கும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். டாக்டர் அம்மாள் காகிதத்தைப் பார்த்தார். இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து, எதையோ தேடி, என் முன்னால் போட்டார்.

சாவி. என் சாவி. பித்தளை வளையம், அதில் நான் கட்டிய சிவப்புக் கயிறு.

"நூற்றுப் பதினெட்டு" என்றார். "மாத்திரையை நிறுத்தாதீர்கள். அடுத்த மாதமும் வர வேண்டும்."

கும்பிட்டேன். அந்த எலுமிச்சம்பழத்துக்கு முன்னால் கும்பிட்டதைவிட நன்றாகவே கும்பிட்டேன். வெளியில் வந்து பஸ் ஷெட்டுக்குப் போய், என் வண்டியில் ஏறி உட்கார்ந்து, எஞ்சினைப் போட்டு, இரண்டாவது கியரைப் பொறுத்துத் தள்ளினேன். சத்தமே இல்லை. வெண்ணெயில் கத்தி. அப்படியே அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு மாதமாகக் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருந்த யாரோ இறங்கிப் போன மாதிரி இருந்தது.

பத்து மணிக்குச் சிநேகிதனை இழுத்துக்கொண்டு நேராக ஜூஸ் கடைக்கு. மூன்று மாதத்துக்கு மேலாகிவிட்டது. கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"வாங்ணா. எங்கீங்ணா, இந்தப் பக்கமே காணோம்?"

"அன்னைக்கு உன்னை நாலு பேர் முன்னாடி பேசிப்புட்டேன் தம்பி. மனசுல வெச்சுக்காதே. தப்பு என்மேல. வழக்கம்போல ஒரு பை டூ போடு. ஒண்ணு மட்டும், இனிமே எனக்குச் சர்க்கரை போடாதே."

அவர் பழத்தை எடுத்த கையோடு நிமிர்ந்தார்.

"என்னைக்குங்ணா போட்டேன்?"

பக்கத்தில் என் சிநேகிதன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். இவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்த சிரிப்பு. இருமலாக மாறி, கண்ணீராக மாறி, மறுபடி சிரிப்பானது.

"அக்கா வந்து சொல்லிப்போட்டுப் போனாங்ணா" என்றார் கடைக்காரர். "ஆறு வருசம் இருக்குமுங்க. 'நீலச் சட்டை, பெரிய மீசை, வந்ததும் சத்தமாப் பேசுவாரு, அவருதான் எங்க வீட்டுக்காரரு. அவருக்குச் சக்கரை ஒரு துளி போடக் கூடாது. அவருகிட்ட மூச்சும் விடக் கூடாது, தெரிஞ்சா வேற கடைக்குப் போயிருவாரு'ன்னாங்க. சத்தியம் வாங்கிட்டாங்க. அன்னைக்கு நீங்க அத்தனை பேச்சுப் பேசறப்ப வாய் வரைக்கும் வந்துச்சுங்ணா. முழுங்கிட்டேன்."

"அப்ப இத்தனை வருசமா எனக்கு என்னதான் குடுத்தே?"

"ஒரு சாத்துக்குடி. ஒரு சொம்புத் தண்ணி. கல் உப்பு, இத்தினி இஞ்சி."

"ஒரே ஒரு பழமா? ரெண்டு பேருக்கும் சேர்த்தா?"

"பை டூதானுங்க கேட்டீங்க."

அரைப் பழம். ஒரு நாளைக்கு அரைச் சாத்துக்குடி. மீதி காவிரித் தண்ணீர். மைசூர் முழுக்க எங்கேயும் கிடைக்காத அந்தத் தித்திப்பு! டாக்டரிடம் நான் கேட்ட கேள்விக்குப் பதில் இந்தப் பலகைக்கு அடியில் ஒரு ஜாடியில் இருந்திருக்கிறது.

நான் சிநேகிதன் பக்கம் திரும்பினேன். "நீயும் அதைத்தானே குடிச்சே? உனக்குத் தெரியலையா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டான். "முதல் நாளே தெரிஞ்சுது குரு. நாக்கு இருக்கே எனக்கு. உன்னோட அந்த உப்புத் தண்ணியைக் குடிச்சிட்டு, நீ போனப்புறம் திரும்பி வந்து பாகு ஊத்தி ஒரு முழு ஜூஸ் குடிப்பேன்."

"அப்ப என்கூட எதுக்குக் குடிச்சே?"

"பை டூவுக்கு ரெண்டு ஆள் வேணுமல்ல?"

கடைக்காரர் முதுகைக் காட்டவில்லை. எங்கள் கண்ணெதிரேயே பலகைக்கு அடியிலிருந்து அந்த ஜாடியை எடுத்தார், ஒரே ஒரு பழத்தை நறுக்கிப் பிழிந்தார், சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்தார். குடித்தேன். மெல்லிய தித்திப்பு, பின்னாலேயே சுருக். எல்லாம் தெரிந்த பிறகும் அதே ருசி. என் நாக்கை நான் இனி எந்தச் சாட்சிக்கும் அழைத்துப் போக முடியாது.

மதியம் முதல் ஷிப்டுக்காரர்களை என் கையாலேயே ஓட்டிக்கொண்டுபோய் வீடு சேர்த்தேன். முன் சீட்டுக்காரர் ஏறும்போது என்னைப் பார்த்துவிட்டு, மெதுவாகப் பின் சீட்டை நோக்கி நடந்தார். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து, சாவியை மனைவியின் முன்னால் மேஜையில் வைத்தேன். அவள் அதை எடுத்துப் பார்த்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு மாதமாக அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுப்பங்கரைக்குப் போய்க் காபி கலந்து கொண்டுவந்தாள்.

"ஜூஸ் கடைக்குப் போயிருந்தேன்" என்றேன்.

அவள் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். "ஹௌதா? அப்படியா?" என்றாள்.

"ஆறு வருசமா அந்த ஆளும் நீயும் சேர்ந்து எனக்கு உப்புத் தண்ணி குடுத்திருக்கீங்க."

"சாவி இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

அதற்கு மேல் என்ன கேட்பது? மனசு லேசாக இருந்தது. கோபப்பட முயன்று பார்த்தேன், வரவில்லை. ஆனாலும் ஒரு ஆண்பிள்ளையாக லட்சணத்துக்காவது ஒன்று கேட்க வேண்டும் இல்லையா? ஒரு வாய் காபி குடித்தேன். வழக்கம்போல ஒரு ஸ்பூன் சர்க்கரையின் அளவான இனிப்பு. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டேன்.

"உண்மையைச் சொல்லு. வேற எதுலயாவது எனக்கு இந்த மாதிரி பண்ணிக்கிட்டு இருக்கியா?"

"காபி ஆறுது, குடிங்க."